தொண்ணூறுகளின் பங்க், ஆல்டர்நேட்டிவ் ராக் தட்டுகள்: முதல் பதிப்பைக் கண்டுபிடித்து, ஏமாறாமல் வாங்கி, வீடு கொண்டுவந்து சேர்ப்பது வரை

நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் 1991-இல் வெளிவந்தது. தட்டின் மேலும் 1991 என்றே அச்சாகியிருக்கிறது. ஆகவே இது முதல் பதிப்பு. இந்த மூன்றில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பித்தான் புதிதாக வருகிறவர்கள் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு விலை கொடுக்கிறார்கள். வட்டத்துக்குள் ‘பி’ போட்டு அச்சிடும் ஆண்டு, அந்த ஒலிப்பதிவின் உரிமை ஆண்டு. அதே பதிவைப் பத்து வருடம் கழித்து மறுபடி அச்சிட்டாலும் ஆண்டு மாறாது.

தொண்ணூறுகளின் இசையைத் தட்டாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்களுக்காகவும், ‘எது ஒரிஜினல்’ என்ற வாதத்தில் கையில் ஆதாரத்தோடு பேச நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தேடலில் தொடங்கி சுங்கம் வரை, செய்ய வேண்டிய வரிசையிலேயே தந்திருக்கிறேன். 3, 4 ஆகிய படிகளை மட்டும் எந்த அவசரத்திலும் தாண்டிப் போகாதீர்கள்.

1. ஆல்பம் வேண்டுமா, குறிப்பிட்ட பதிப்பு வேண்டுமா என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரே பெயரில் வெவ்வேறு பண்டங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’வையே பாருங்கள். 1993-இல் வந்த அமெரிக்க சிடியின் எண் டி.ஜி.சி.டி-24607. ஐரோப்பிய சிடியின் எண் ஜி.இ.டி 24536; அதில் கடைசிப் பாட்டு முடிந்து நீண்ட மௌனத்துக்குப் பிறகு இன்னொரு பாட்டு மறைந்திருக்கிறது, அமெரிக்க சிடியில் அது கிடையாது. அமெரிக்க எல்.பி, அதாவது வினைல் நீள்தட்டு, முதலில் நிறமற்ற ஒளி ஊடுருவும் வினைலில் குறைந்த எண்ணிக்கையில் வந்தது. 1994-இல் வால்மார்ட், கேமார்ட் கடைகளுக்காகவே ஒரு சிடி வந்தது: பின்னட்டைப் படத்தை மாற்றி, ‘ரேப் மீ’ என்ற தலைப்பை ‘வெய்ஃப் மீ’ என்று அச்சிட்டு, ‘பென்னிராயல் டீ’ பாட்டுக்கு ஸ்காட் லிட் செய்த வேறு மிக்ஸைச் சேர்த்திருந்தார்கள். 2013-இல் ஸ்டீவ் அல்பினி ஆல்பம் முழுவதையும் புதிதாக மிக்ஸ் செய்தது வேறு. இத்தனையும் ‘இன் யூட்டரோ’தான். எது வேண்டும் என்று தெரியாமல் தேடினால், விற்பவர் நீட்டுவதை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

பாட்டுக் கேட்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் காலத்து சிடியை வாங்குங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் வினைலைக் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தன. எல்.பி வந்தாலும் சிறு எண்ணிக்கையில் வந்தது, பல சமயம் ஐரோப்பாவில் மட்டும் வந்தது. அதனால்தான் இன்று அந்த எல்.பிகளுக்கு யானை விலை. சிடிகளோ லட்சக்கணக்கில் அச்சானவை, ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். பிற்கால ரீமாஸ்டர்களில் (பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிட்டவை) பலவற்றில் சத்தத்தைக் கூட்டி, மெல்லிய இடத்துக்கும் அதிரும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்கியிருப்பார்கள். பழைய சிடியில் அந்தத் தொல்லை குறைவு.

விதிவிலக்கும் உண்டு. பேர்ல் ஜாமின் ‘வைட்டாலஜி’ எல்.பி 1994 நவம்பர் 22-இல் வந்தது. சிடி டிசம்பர் 6-இல்தான் வந்தது. அந்த ஆல்பத்துக்கு மூத்த பிள்ளை வினைல்தான்.

சின்ன நிறுவனங்களின் கதையும் வேறு. டிஸ்கார்ட், லுக்அவுட், ஃபாட் ரெக் கார்ட்ஸ், எபிடாஃப், கில் ராக் ஸ்டார்ஸ் எல்லாம் அந்தக் காலம் முழுக்க வினைல் அச்சிட்டுக்கொண்டே இருந்தன. ஃபுகாஸியின் தட்டுகளை டிஸ்கார்ட் இன்றும் நியாயமான விலைக்கு நேரடியாக விற்கிறது. ஆகவே ‘அரிய ஃபுகாஸி தட்டு’ என்று யாராவது பெரிய விலை சொன்னால், முதலில் டிஸ்கார்டிடம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. டிஸ்காக்ஸில் சரியான பக்கத்தைத் திறப்பது

எண்களை ஒப்பிட எல்லாரும் போகும் இடம் டிஸ்காக்ஸ் தளம். அங்கே ஓர் ஆல்பத்துக்கு ‘மாஸ்டர்’ பக்கம் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே நாடு, ஆண்டு, எண் வாரியாகப் பதிப்புகள் வரிசையாக இருக்கும். மாஸ்டர் பக்கத்திலிருந்தே வாங்கும் பொத்தானை அழுத்திவிடுவது புதியவர்களின் முதல் தவறு. அப்படிப் போனால் எல்லாப் பதிப்புகளும் கலந்த பட்டியல் வரும்.

முதலில் பதிப்பின் தனிப்பக்கத்துக்குப் போங்கள். கேட்டலாக் எண் (நிறுவனம் வெளியீட்டுக்குத் தரும் எண்), பார்கோடு, மேட்ரிக்ஸ் (தட்டிலேயே பொறித்திருக்கும் எண்), சிறுகுறிப்புகள் நான்கையும் படியுங்கள். அச்சு வேறுபாடுகளை அலசியிருப்பது பெரும்பாலும் சிறுகுறிப்பில்தான். பிறகு விலை வரலாற்றைப் பாருங்கள். கேட்கும் விலையை விட்டுவிடுங்கள். உண்மையில் விற்ற விலைகளில் நடு விலைதான் உங்களுக்கு அளவுகோல்.

விற்பவர் தன் தட்டைத் தவறான பக்கத்தின் கீழ் போட்டிருப்பது சர்வ சாதாரணம். ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. பார்கோடை ஸ்கேன் செய்தால் முதலில் வந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், ஒரே பார்கோடில் எட்டுப் பதிப்புகள் இருக்கும்.

3. சிடியின் உள்வளையத்தைப் படிப்பது

சிடியை மினுங்கும் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடியுங்கள். துளையைச் சுற்றி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வளையம். அதற்கு வெளியே, பாட்டுப் பகுதி தொடங்குமுன், கண்ணாடி போல் ஒரு பட்டை. அந்தப் பட்டையில் எண்களும் எழுத்துகளும் இருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ். மேசை விளக்கு நேரே மேலிருந்தால் ஒன்றும் தெரியாது. கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில், தட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தால் எழுத்துகள் எழும்பி நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும், கடிகாரக் கடைக்காரர் கண்ணில் செருகுவாரே, அதுவே போதும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஐ.எஃப்.பி.ஐ குறியீடு. சிடிகளை எந்த ஆலை அச்சிட்டது என்று அறிய 1994-இல் இதைக் கொண்டுவந்தார்கள். இரண்டு இடத்தில் இருக்கும். மேட்ரிக்ஸ் பட்டையில் ‘ஐ.எஃப்.பி.ஐ’ என்பதோடு ‘எல்’ எழுத்தில் தொடங்கும் எண் இருந்தால், அது மாஸ்டர், அதாவது அச்சுக்கான மூலப்பிரதி, தயாரித்த இடத்தின் குறி. உள்ளே ஒளி ஊடுருவும் வளையத்தில் ‘எல்’ இல்லாமல் இருந்தால், அது அச்சு வார்ப்பின் குறி. 1991, 1992, 1993-இல் அச்சானதாக விற்கும் சிடியில் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும், அது முதல் பதிப்பாக இருக்க வழியில்லை. அங்கேயே முடிந்தது பேச்சு.

தலைகீழாக வாதம் செய்யாதீர்கள். குறியீடு இல்லாததாலேயே 1994-க்கு முந்தையது என்று ஆகிவிடாது. சில ஆலைகள் வருடக்கணக்கில் தாமதித்துத்தான் இதைச் சேர்த்தன.

‘நெவர்மைண்ட்’ சிடிக்கு இன்னொரு சோதனை உண்டு. முதலில் அச்சான சிடிகளில் ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’ என்ற மறைபாட்டு விடுபட்டுப்போனது. மாஸ்டரிங்கின்போது நேர்ந்த தவறு அது, பிந்தைய அச்சுகளில் சேர்த்தார்கள். தட்டைச் சுழலவிட்டு மொத்த நேரத்தைப் பாருங்கள். 42 நிமிடச் சொச்சம் என்று காட்டினால் பாட்டு இல்லை. 59 நிமிடத்தைத் தாண்டினால் இருக்கிறது. 12-ஆவது தடம் மட்டும் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும், நடுவில் ஏறத்தாழ 10 நிமிட மௌனம். ஆனால் பாட்டு இல்லை என்பதை மட்டும் வைத்து முதல் பதிப்பு என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் பிற்கால அச்சுகள் சிலவற்றிலும் அது கிடையாது. நேரம், மேட்ரிக்ஸ், ஐ.எஃப்.பி.ஐ இல்லாமை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து மன்றப் பதிப்புகள். அமெரிக்காவில் தபால் மூலம் மலிவு விலைக்கு சிடி அனுப்பும் மன்றங்கள் இரண்டு கொடிகட்டிப் பறந்தன: பி.எம்.ஜியும் கொலம்பியா ஹவுஸும். அவை நிறுவனங்களிடம் உரிமம் வாங்கித் தாங்களே அச்சிட்டவை. பின்னட்டையில் பி.எம்.ஜி டைரக்ட் மார்க்கெட்டிங் பெயரும் ‘டி’ எழுத்தோடு ஆறு இலக்க எண்ணும் இருந்தால் முதலாவது. கொலம்பியா ஹவுஸ் பெயரோ முதுகில் ‘சி.ஆர்.சி’ என்றோ இருந்தால் இரண்டாவது. பாட்டில் குறை ஒன்றும் சொல்ல முடியாது, கேட்பதற்குத் தாராளமாக வாங்கலாம். மறுவிற்பனையில் மட்டும் மதிப்புக் குறைவு. ஆகவே கடைப் பதிப்பின் விலையைக் கொடுக்காதீர்கள்.

பார்கோடில் துளையோ, டப்பா முதுகில் ரம்பத்தால் அறுத்த வெட்டோ இருந்தால், அது இலவசப் பிரதி அல்லது விற்காமல் கழித்துவிட்ட பிரதி. இதுவும் விலை குறைக்கும் காரணம்தான்.

கடைசியாக, பிரிட்டனின் பிளாக்பர்ன் நகரில் இருந்த பி.டி.ஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் பல, காலப்போக்கில் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாகி, பாட்டு கரகரத்துக் கெட்டுப்போகின்றன. பிரிட்டன் பதிப்பு வாங்கும்போது இரண்டு பக்கத்தின் நிறத்தையும் காட்டும் படம் கேளுங்கள். தேன் நிறம் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

4. எல்.பியின் ரன்அவுட்டைப் படிப்பது

கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் ஒட்டியிருக்கும் இடம்வரை உள்ள வெற்றுப் பட்டைதான் ரன்அவுட். இங்கே இரண்டு வகை எழுத்து இருக்கும். இயந்திரத்தால் அழுத்தியது ஒன்று, கையால் ஊசிகொண்டு கீறியது இன்னொன்று. கீறல் எழுத்தில்தான் கதை அதிகம்: கேட்டலாக் எண், பக்கம், மாஸ்டரை வெட்டிய பொறியாளரின் கையெழுத்து, சில சமயம் இசைக்குழுவின் சொந்தக் குறும்பு வாசகம். லேக்கர் (எல்.பிக்கு மூலமான மெழுகு போன்ற பூச்சுத் தட்டு) வெட்டுவதில் பெயர்பெற்ற ஜான் கோல்டனின் ‘கோல்டன்’ குறியை நிறைய பங்க் தட்டுகளில் பார்ப்பீர்கள். ‘யூ’ எழுத்தில் தொடங்கி ‘எம்’ என்று முடியும் எண் இருந்தால் நாஷ்வில்லின் யுனைட்டெட் ஆலையை நினையுங்கள். ‘எஸ்’ தொடக்கம் கலிஃபோர்னியாவின் ரெயின்போ ஆலை.

நிர்வாணாவின் முதல் சிங்கிள் ‘லவ் பஸ்’ நல்ல பாடம். 1988 நவம்பரில் சப் பாப் நிறுவனம் வெளியிட்டது, எண் எஸ்.பி 23. கையால் எண்ணிட்ட பிரதிகள் 1,000. போலிகள் ஏராளம். உண்மைத் தட்டின் ரன்அவுட்டில், “அந்தக் கிட்டார்களைக் கொடுத்துவிட்டு மண்வெட்டி வாங்கிக்கொள்ளக் கூடாதா?” என்ற பொருளில் ஆங்கில வாசகம் கீறப்பட்டிருக்கும். அது இல்லையென்றால் உடனே விலகுங்கள். இருந்தாலும் அங்கேயே நிற்காதீர்கள், யார் வேண்டுமானாலும் கீறலாம். எழுத்தின் வடிவம், சாய்வு, சொற்களுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை உண்மைத் தட்டின் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே அச்சுவார்ப்பிலிருந்து வந்த இரண்டு தட்டுகளில் கீறல் இம்மிகூட மாறாது.

நிறத்தை நம்பாதீர்கள். ‘ப்ளீச்’ ஆல்பத்தின் முதல் 1,000 பிரதிகள் வெள்ளை வினைலில் வந்தன என்பது உண்மை. அதனாலேயே வெள்ளையில் மறுபதிப்பும் பின்னாளில் வந்தது. வெள்ளையாக இருப்பது பால்தானா என்று குடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இங்கே குடிப்பது என்றால் ரன்அவுட்டைப் படிப்பது. அதே ஆல்பத்தில் இன்னொரு சங்கதி: அமெரிக்க எல்.பியில் ‘லவ் பஸ்’ இருக்கும். பிரிட்டனில் டுபெலோ நிறுவனம் வெளியிட்டதில் அந்த இடத்தில் ‘பிக் சீஸ்’ இருக்கும். ‘ப்ளீச்சில் லவ் பஸ் உண்டா, இல்லையா’ என்று இரண்டு பேர் சண்டை போட்டால், இரண்டு பேரும் சரியாக இருக்கலாம்.

5. உறை சொல்லும் சாட்சி

உறையிலுள்ள முகவரியைப் படியுங்கள். லுக்அவுட் நிறுவனம் முதலில் கலிஃபோர்னியாவின் லேட்டன்வில்லில் இருந்து, பிறகு பெர்க்லிக்கு மாறியது. அதன் தொடக்கக்கால வெளியீடு ஒன்றில் பெர்க்லி முகவரி இருந்தால் அது பிந்தைய அச்சு. வலைத்தள முகவரி அச்சாகியிருந்தால் தொண்ணூறுகளின் நடுவுக்கு முந்தையதாக இருக்காது. க்யூ.ஆர் குறியோ, 180 கிராம் ஸ்டிக்கரோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கிரீன் டேயை எடுத்துக்கொண்டால் நிறைய சிக்கல் தீரும். 2005-இல் அந்தக் குழு தன் பழைய பதிவுகளை லுக்அவுட்டிடமிருந்து திரும்பப் பெற்றது. எனவே ‘கெர்பிளங்க்’ ஆல்பத்தின் பின்னட்டையில் ரிப்ரைஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது அதற்குப் பிந்தையது. ‘39/ஸ்மூத்’ என்பது 1990-இன் எல்.பி, ‘1,039/ஸ்மூத்டு அவுட் ஸ்லாப்பி அவர்ஸ்’ என்பது அந்த எல்.பியோடு ‘1,000 அவர்ஸ்’, ‘ஸ்லாப்பி’ ஆகிய இரண்டு இ.பிகளையும் (சில பாட்டுகள் மட்டுமுள்ள சிறு தட்டுகள்) சேர்த்த தொகுப்பு. பெயரிலுள்ள எண் அந்தக் கூட்டலிலிருந்து வந்ததுதான். ‘கெர்பிளங்க்’ எல்.பியில் 12 பாட்டு, சிடியில் 16. கூடுதல் நான்கும் ‘ஸ்வீட் சில்ட்ரன்’ இ.பியிலிருந்து வந்தவை.

1994 பிப்ரவரி 1-இல் வந்த ‘டூக்கி’யின் முதல் அச்சுகளில், பின்னட்டைக் கூட்டத்துக்கு நடுவே ‘செசமி ஸ்ட்ரீட்’ எர்னி பொம்மையைக் காணலாம். பிந்தைய அச்சுகளில் அதை அழித்துவிட்டார்கள். விற்பவரிடம் பின்னட்டைப் படம் கேட்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். பிளிங்க்-182-இன் ‘செஷயர் கேட்’ 1995-இல் முதலில் வந்தபோது உறையில் ‘பிளிங்க்’ என்று மட்டும் இருந்தது. அதே பெயரில் அயர்லாந்துக் குழு ஒன்று இருந்ததால் 182 பின்னால் சேர்ந்தது. நோஎஃப்எக்ஸின் 1996 ஆல்பமோ சிடியில் ‘ஹெவி பெட்டிங் ஜூ’, எல்.பியில் ‘ஈட்டிங் லாம்’, படமும் வேறு. இரண்டு ஆல்பம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய குழுக்களின் பெயரில், புத்தம் புது எல்.பியாக, ‘எஃப்.எம் ஒலிபரப்பு’ என்ற குறிப்போடு நிறையத் தட்டுகள் விற்கின்றன. பழைய வானொலி நிகழ்ச்சியை எடுத்து, சில நாடுகளின் சட்டத்திலுள்ள சந்து பொந்து வழியாக அச்சிட்டவை. குழுவின் ஆல்பம் வரிசையில் இவற்றுக்கு இடமில்லை, ஒலியும் பெரும்பாலும் சுமார்தான். உறையில் நிறுவனத்தின் பெயர் எங்கும் கேள்விப்படாததாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

6. தரக்குறியும் விலையும்

கோல்ட்மைன் இதழின் தரவரிசையைத்தான் எல்லாரும் பின்பற்றுகிறார்கள்: மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘குட்’ என்றால் கீறலும் கரகரப்பும் நிறைந்த தட்டு என்று பொருள். அந்த அளவுகோலின்படி நியர் மிண்ட் 100 என்றால், வெரி குட் பிளஸ் 50, வெரி குட் 25. ஆகவே வெரி குட் பிளஸ் தட்டுக்கு நியர் மிண்ட் விலையில் 80 சதவீதம் கேட்டால் பேரம் பேசலாம். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரக்குறி உண்டு, இரண்டையும் பாருங்கள். ‘கண்ணால் பார்த்துத் தரமிட்டது’ என்று எழுதியிருந்தால் அவர் ஓட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

7. பணம் கட்டுமுன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இந்த நான்கையும் ஒரே செய்தியில் கேளுங்கள்: இரண்டு பக்க ரன்அவுட்டின் அல்லது உள்வளையத்தின் கிட்டத்துப் படம்; உறையின் முன், பின், முதுகு மூன்றின் படம்; ஓட்டிப் பார்த்தாரா என்ற பதில்; உங்கள் ஊருக்கான தபால் செலவு. நல்ல விற்பனையாளர் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார். படம் தர மறுத்தாலோ, டிஸ்காக்ஸ் பக்கத்திலிருந்து எடுத்த படத்தையே திருப்பி அனுப்பினாலோ பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னணியில் அவர் மேசையோ கையோ தெரிகிறதா என்று கவனியுங்கள்.

எல்.பி என்றால் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். தட்டை உறைக்கு வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் தட்டு ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். இருபுறமும் தடித்த அட்டை வைக்கச் சொல்லுங்கள். சிடி என்றால் பிளாஸ்டிக் டப்பாவை விட்டுவிட்டுத் தட்டு, புத்தகம், பின்தாள் மட்டும் அனுப்பச் சொல்லலாம். டப்பாவோடு ஏறத்தாழ 100 கிராம், இல்லாமல் அதில் பாதிகூட இருக்காது. டப்பா எங்கும் கிடைக்கும் பொருள்தான். ‘வைட்டாலஜி’ போல் காகிதத்தில் புத்தகமாகச் செய்த உறைகளுக்கு இது பொருந்தாது.

8. பணம், தபால், சுங்கம்

பேபாலில் பொருள் வாங்கும் வகையில் கட்டுங்கள். கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் செய்யலாம். ‘நண்பருக்கு அனுப்பு’ வழியில் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து வாங்கும்போது தபால் செலவுதான் ஆளை விழுங்கும். மீடியா மெயில் என்ற மலிவு வழி அமெரிக்காவுக்குள் மட்டும்தான், வெளிநாட்டுக்குக் கிடையாது. சாதாரண வெளிநாட்டுப் பொதிக்கு 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ வரம்பு. கட்டிய ஓர் எல்.பி அரை கிலோவைச் சுலபமாகத் தொடும், ஒரு பொதியில் மூன்று வரை போகும். ஆகவே ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குங்கள். கணக்குக்காக: 10 டாலர் சிடி ஒன்று, தபால் 17 டாலர் என்றால் ஒரு சிடி 27 டாலர். அதே ஆளிடம் நான்கு வாங்கி, தபால் 24 டாலர் ஆனால், ஒன்று 16 டாலர்தான்.

வரியைப் பொருளின் விலைமேல் மட்டும் கணக்கிட்டுக்கொள்ளாதீர்கள். இந்தியச் சுங்கம் தபால் செலவையும் சேர்த்த மதிப்பின்மேல் வரி போடும். கூரியர் வழி வந்தால் ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான் நகல் கேட்பார்கள். அவற்றையும் பணம் கட்டிய ரசீது, டிஸ்காக்ஸ் ஆர்டர் பக்கம் இரண்டையும் பி.டி.எஃப்பாக முன்கூட்டியே வைத்திருங்கள். ரசீது தராவிட்டால் அதிகாரி தானே மதிப்பு போட்டுவிடலாம். சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி உரிமக் குறியீடு தேவையில்லை. ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லாதீர்கள். அன்பளிப்புக்கான விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், விதிவிலக்கு ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம், பொதி தொலைந்தால் எழுதிய தொகைதான் திரும்ப வரும். சுங்கப் படிவத்தில் வினைலுக்கு 8523.80, சிடிக்கு 8523.49 என்ற குறியீட்டை எழுதச் சொன்னால் குழப்பம் குறையும்.

வேறு நாடுகளில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எவ்வளவு மலிவான பொதிக்கும் மதிப்புக்கூட்டு வரி உண்டு. பிரிட்டனில் 135 பவுண்டுக்குள் என்றால் பெரிய சந்தைத் தளங்கள் வரியை விலையோடு வாங்கிவிடும். அதற்கு மேல் போனால் வாசலில் கட்ட வேண்டும். கனடாவுக்குத் தபாலில் வருவதற்கு 20 கனடிய டாலர்தான் விலக்கு வரம்பு. சிங்கப்பூரில் 2023 முதல் 400 வெள்ளிக்குள்ளான இணைய வாங்கலுக்கும் ஜி.எஸ்.டி உண்டு.

தபாலில் மூன்று வாரம் சாதாரணம், ஆறு வாரம் ஆனாலும் பதற வேண்டாம். பொதி சுங்கத்தில் நின்றிருப்பதாகக் கண்காணிப்பு எண் காட்டினால் இரண்டாவது வாரத்தில் விசாரியுங்கள். 180 நாள் கெடுவை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லிச் சொல்லியே சிலர் அந்தக் கெடுவைத் தாண்ட வைத்துவிடுவார்கள்.

9. பெட்டி வந்த அன்று

பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள், முகவரி ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்கி. வெயில் காலத்தில் வந்த எல்.பியை உடனே ஓட்டாதீர்கள், ஒரு நாள் வீட்டுச் சூட்டுக்குப் பழகட்டும். பிறகு ரன்அவுட்டையோ உள்வளையத்தையோ விற்பவர் அனுப்பிய படத்தோடு ஒப்பிடுங்கள். அதே தட்டுதான் என்று உறுதியான பிறகு ஓட்டிப் பாருங்கள், முதல் பாட்டோடு நிறுத்தாமல் இரண்டு பக்கமும் முழுக்க. மறைபாட்டுகள் கடைசியில்தான் இருக்கும் என்பதில்லை. ஆஷ் குழுவின் ‘1977’ ஆல்பத்தின் ஆரம்பக்கால சிடிகளில் முதல் தடத்திலிருந்து பின்னோக்கி ஓட்டினால்தான் இரண்டு பாட்டுகள் கேட்கும். கணினியில் சாதாரணமாகப் பிரதி எடுத்தால் அவை விடுபட்டுப்போகும்.

10. கண்டதைப் பதிவு செய்வது

உங்கள் தட்டு டிஸ்காக்ஸின் எந்தப் பக்கத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றால், புதிய பக்கம் சேர்க்குமுன் உறை, லேபிள், ரன்அவுட் மூன்றையும் படமெடுங்கள். ரன்அவுட்டை எழுதும்போது இரண்டு பக்கத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். கீறலில் எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு எழுதுங்கள். பொறியாளர் ஒரு எண்ணைக் கீறி, அடித்துவிட்டு, வேறு எண் போட்டிருந்தால் அடித்ததையும் குறிப்பிடுங்கள், ஏனென்றால் இரண்டு அச்சுகளுக்கு இடையே சில சமயம் அது ஒன்றுதான் வித்தியாசம். எது கீறியது, எது அழுத்தியது என்றும் எழுதுங்கள். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, படத்தை இணைத்துவிடுங்கள். இதே தட்டைக் கையில் வைத்திருக்கும் இன்னொருவர் டார்ச்சை வேறு கோணத்தில் பிடித்துப் படித்துச் சேர்ப்பார்.